மூன்று மாதம் கையில் இருந்தால் எந்தச் சூளைக்குப் போவது?

ஆர்டர் இல்லை, வகுப்பு எடுக்க வேண்டாம், கடைக்காரர் போன் இல்லை. காலையில் எழுந்தால் மண், இரவு படுக்கும்வரை மண். இப்படி ஒரு காலம் வாய்க்காதா என்று ஏங்காத செராமிக் கலைஞரை நான் பார்த்ததில்லை. அதற்காகவே இருப்பவைதான் ரெசிடென்சிகள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம், தங்க அறை, ஒரு மேசை, ஒரு சக்கரம், பொதுச் சூளை, பக்கத்திலேயே அதே வேலையில் மூழ்கிக் கிடக்கும் நாலைந்து பேர். சில இடங்கள் கூப்பிட்டுப் பணமும் கொடுக்கும். பல இடங்களில் நாம்தான் கொடுக்க வேண்டும்.

புதுச்சேரி, ஆரோவில் பக்கம் பயிற்சி முடித்துவிட்டு அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களோடு வருகிறார்கள். இமாசலப் பிரதேசத்தின் ஆண்ட்ரெட்டா, ஜப்பானின் ஷிகராகி, சீனாவின் ஜிங்டெஷென், அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஆர்ச்சி பிரே. நான்குமே மதிப்புக்குரிய இடங்கள். நான்கையும் ஒரே தராசில் வைத்து எது உசத்தி என்று கேட்பதுதான் சரியில்லை. எந்த இடம் பெரியது என்பதைவிட, அங்கே இருக்கும் மண் என்ன, சூளை என்ன, அந்தச் சூளை ஒருமுறை எரிந்து ஆற எத்தனை நாள் ஆகும் என்பதுதான் உங்கள் மூன்று மாதத்தைத் தீர்மானிக்கும். முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

மூன்று மாதம் என்றால் நிறைய இருக்கிறது என்று தோன்றும். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். கடைசி வாரம் பொட்டலம் கட்ட, இடத்தைச் சுத்தம் செய்ய, கண்காட்சி வைப்பதாக இருந்தால் அதற்கு. அதற்கு முந்தைய வாரம் சூளை ஆறுவதற்கும் திறப்பதற்கும். விறகுச் சூளை என்றால் அதற்கும் முன் அடுக்க, எரிக்க ஒரு வாரம். அடுக்குவதற்கு முன் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேற்பூச்சு) பூச, அதற்கும் முன் பிஸ்க் (பூச்சுக்கு முந்தைய முதல் சூடு) சுட. பிஸ்க் சுடுவதற்கு முன் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். ஓர் ஆள் உயரச் சிற்பம் காய மூன்று நான்கு வாரம் சாதாரணமாக ஆகிவிடும். ஆரம்பத்தில் புது மண்ணோடு பழகவே முதல் பத்து நாள் போய்விடும். மிச்சம் எவ்வளவு? ஐந்தாறு வாரம் கிடைத்தால் அதிகம். அந்த ஐந்தாறு வாரத்தை எந்த ஊர் உங்களுக்கு நன்றாகச் செலவழித்துத் தரும் என்பதுதான் கேள்வி.

ஆண்ட்ரெட்டாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது யாருக்கானது என்பதில் குழப்பமே இல்லை. காங்ரா பள்ளத்தாக்கில், பாலம்பூர் அருகே, தௌலாதார் மலைத்தொடர் கண்ணுக்கு நேரே நிற்கும் கிராமம். அயர்லாந்தில் பிறந்த நாடகக் கலைஞர் நோரா ரிச்சர்ட்ஸ் அங்கே மண்வீடு கட்டிக் குடியேறினார். ஓவியர் சோபா சிங்கும் அங்கேயே வாழ்ந்தார். டெல்லி புளூ பாட்டரியைத் தொடங்கிய சர்தார் குர்சரண் சிங் 1919இல் ஜப்பானுக்குப் படிக்கப் போய், ஆங்கிலேயக் குயவர் பெர்னார்டு லீச், ஜப்பானியக் குயவர் ஹமாடா, கைவினைச் சிந்தனையாளர் யனாகி போன்றவர்களோடு பழகித் திரும்பியவர். அவருடைய மகன் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரி சிங்கும் 1980களில் ஆண்ட்ரெட்டா பாட்டரியை ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் அங்கேயே தங்கிக் கற்றுக்கொள்வது அங்கே நீண்டகால வழக்கம். செம்மண் பாண்டத்தின் மேல் களிமண் கரைசலால் கோடு இழுத்து அலங்கரிக்கும் முறை அவர்களுடையது.

சக்கரத்தில் கை இன்னும் நிலைக்காதவர்களுக்கு, ஒரு கிண்ணத்தை அதே அளவில் திரும்பத் திரும்ப வனையப் பழக வேண்டியவர்களுக்கு, அது நல்ல இடம். விசா வேண்டாம், விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே ஐந்தாறு வருடம் ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் கல்போல இறுகச் சுடும் பாண்டம்) செய்தவர், பெரிய சிற்பம் செய்ய வேண்டும், உயர் வெப்பத்தில் சாம்பல் உருகுவதைப் பார்க்க வேண்டும் என்று துடிப்பவர், அங்கே போய்ப் பயனில்லை. அது வேறு வகைப் பாண்டம், வேறு வகைப் பள்ளி.

இனி ஷிகராகி. ஷிகா மாகாணத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். ஜப்பானின் ஆறு பழஞ்சூளைகள் என்று சொல்லப்படும் ஊர்களில் ஒன்று. கிபுகாவா நிலையத்தில் மாறி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயிலில் போக வேண்டும். நிலையத்தில் இறங்கும்போதே பானை வயிற்றோடு நிற்கும் தனுகி (நரியைப் போன்ற ஒரு ஜப்பானிய விலங்கு) பொம்மைகள் வரவேற்கும். 1951இல் ஜப்பான் பேரரசர் வந்தபோது வழியெங்கும் கொடி பிடித்த தனுகிகளை நிறுத்தி வரவேற்றார்களாம். அதற்கப்புறம் நாடு முழுக்க அந்தப் பொம்மைக்கு ஒரு கிராக்கி. இங்கே 1990இல் திறக்கப்பட்ட செராமிக் கலாசாரப் பூங்காவுக்குள்தான் ரெசிடென்சி நடக்கிறது. பூங்காவே அழைத்து வரவழைக்கும் கலைஞர்கள் ஒரு வகை. விண்ணப்பித்து, இடத்துக்கும் மண்ணுக்கும் சூளைக்கும் கட்டணம் கட்டித் தங்குபவர்கள் இன்னொரு வகை. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகையாகத்தான் போக முடியும்.

ஆனால் போவதற்கான உண்மையான காரணம் பூங்கா கிடையாது, மண். பீவா ஏரி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வேறிடத்தில் கிடந்தபோது அதன் அடியில் படிந்த களிமண் அது. கையில் எடுத்துப் பிசைந்தால் உள்ளங்கையில் குறுணை உறுத்தும். ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் பொடிக்கற்களாகக் கலந்திருக்கும். நம் ஸ்டுடியோக்களில் சலித்துச் சலித்துப் பயன்படுத்தும் வழவழப்பான மண்ணுக்குப் பழகியவர்களுக்கு முதல் நாளே விரல் தேய்ந்துவிடும். ஆனால் அந்தக் குறுணைதான் வரம். சுவர் தடிமனாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி கிடைக்கிறது. அதனால் வழவழப்பான மண்ணில் விரிசல் விடும் உருவம் இதில் நிற்கும். பெரிய தொட்டிகள், கணப்புச் சட்டிகள், ஆளுயர ஜாடிகள் என்று இந்த ஊர் பெரிய உருப்படிகளுக்குப் பேர் வாங்கியது இதனால்தான். 1970 ஒசாகா கண்காட்சிக்காக எழுந்த சூரியக் கோபுரத்தின் முதுகில் இருக்கும் கறுப்புச் சூரியனின் ஓடுகளும் ஷிகராகியில் செய்தவை.

சுடும்போது இந்த மண் இன்னொரு வேலை செய்கிறது. ஃபெல்ட்ஸ்பார் துணுக்குகள் மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பிதுங்கி நிற்கும். தீ நேராகப் பட்ட இடம் இளஞ்சிவப்பாக மாறும். விறகுச் சாம்பல் விழுந்து உருகிய இடத்தில் பச்சைக் கண்ணாடி போல வழிந்து இறங்கும். கிளேஸ் எதுவும் பூசாமல் இத்தனையும் கிடைக்கும். ஆனால் அதற்கு அனகாமா என்ற குகைச் சூளையில் மூன்று முதல் ஐந்து நாள் இரவு பகலாக விறகு போட வேண்டும். சூளை எரியும்போது தனியாளாக எதுவும் செய்ய முடியாது. முறை வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ ஒவ்வொரு குழு. விறகைப் போட்டதும் கரும்புகை எழும், பக்கத் துளையிலிருந்து தீ நாக்கை நீட்டும். அது உள்ளே இழுத்துக்கொண்டு, புகை தெளியும்வரை காத்திருந்துதான் அடுத்த கட்டையைப் போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் கரி சேர்ந்து வெப்பம் ஏறாது, தாமதித்தால் இறங்கிவிடும். இந்தத் தாளத்தைப் பேச்சால் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்பவருடைய மொழி புரியாவிட்டாலும் விடிகாலை மூன்று மணிக்கு இரண்டு பேரும் ஒரே துளையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் இந்த வேலையில் பார்த்த கற்றல்களில் இதற்கு ஈடானது வேறில்லை.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். விறகுச் சூளை நீங்கள் நினைத்த தேதியில் எரியாது. ஆட்கள் சேர வேண்டும், விறகு தயாராக வேண்டும், அடுக்கி நிரப்பும் அளவுக்கு உருப்படி வேண்டும். மூன்று மாதத்தில் ஒருமுறை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டுமுறை. அந்த ஒருமுறையில் உங்கள் சிற்பம் முன்வரிசையில் சாம்பலில் புதைந்து அழிந்தாலும் அடுத்த வாய்ப்பு இல்லை. கேஸ் சூளையும் மின்சூளையும் அங்கே இருக்கின்றன. அவற்றை மட்டும் நம்பியிருப்பதென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஜிங்டெஷென் இதற்கு நேர் எதிர். ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பீங்கானை மட்டுமே நம்பி வாழும் ஊர். சோங் பேரரசர் 1004இல் தன் ஆட்சிக்காலப் பெயரையே ஊருக்குக் கொடுத்தார். கேயோலின் என்று நாம் மூட்டையில் வாங்கும் வெள்ளை மண்ணுக்குப் பெயர் வந்தது அங்கே அருகில் இருக்கும் காவ்லிங் என்ற இடத்திலிருந்து. ஊரே நகரம்தான், ஆனால் சற்றுத் தள்ளி சான்பாவ் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஓடையின் வேகத்தில் இயங்கும் மர உலக்கைகள் பீங்கான் கல்லை இடித்த கிராமம். அங்கேயும், நகருக்குள் பழைய சிற்பத் தொழிற்சாலை வளாகத்திலும் வெளியூர்க் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடங்கள் உண்டு.

அங்கே போனதும் முதலில் திகைக்க வைப்பது வேலைப் பங்கீடு. வனைபவர் வனைவார், சீவுபவர் சீவுவார், அச்சு எடுப்பவர் அச்சு எடுப்பார், நீலம் தீட்டுபவர் அதை மட்டும் தீட்டுவார். ஒரு கிண்ணம் எழுபத்திரண்டு கை மாறும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் ஈரம் பாதி இருக்கும்போது டிரிம் செய்கிறோமே, அங்கே முழுசாகக் காயவிட்டு, இரும்பு உளியால் சீவிச் சீவி மெல்லிசாக்குகிறார்கள். வெள்ளைத் தூள் பனி மாதிரி முழங்கால்வரை ஏறும். பிஸ்க் சுடாமல் பச்சை மண்ணிலேயே கிளேஸ் பூசி, ஒரே சூட்டில் 1300 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடுவதுதான் பழைய வழக்கம். பொதுச் சூளைக்குப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால், சூளைக்குள் அது அடைக்கும் இடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இன்று சாயங்காலம் வைத்தால் நாளைக்கு எடுத்துவிடலாம்.

என்ன அர்த்தம்? ஷிகராகியில் மூன்று மாதத்தில் ஒருமுறை தெரிந்துகொள்வதை இங்கே வாரத்துக்கு இரண்டுமுறை தெரிந்துகொள்ளலாம். தவறு செய்து, திருத்தி, மறுபடி சுட்டு, மறுபடி திருத்தி. கிளேஸ் சோதனை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. தலையில் ஓர் எண்ணம் இருக்கிறது, அதைச் செய்து முடிக்கத் தன் கை மட்டும் போதாது என்பவருக்கும் இதுதான் ஊர். 2010இல் லண்டனில் சீனக் கலைஞர் அய் வெய்வெய் கொட்டி வைத்த பத்து கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளும் ஜிங்டெஷென்னில் கையால் செய்து தீட்டியவைதான். ஆயிரத்து அறுநூறு பேர் வேலை செய்தார்கள். இன்னோர் ஊரில் அது நடந்திருக்காது.

ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கூலி கொடுத்தால் உங்களைவிட நன்றாக வனைந்து தரும் ஆள் அடுத்த தெருவில் இருக்கும்போது, சொந்தமாக உட்கார்ந்து வனையும் பொறுமை மெல்லக் கரைந்துவிடும். கைத்திறனை வளர்க்க வேண்டிய வயதில் அங்கே போகும் இளைஞர்களிடம் இதை நான் பார்க்கிறேன். திரும்பி வரும்போது கையில் நிறைய உருப்படி இருக்கிறது, கையில் புதிதாக எதுவும் இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். அந்த ஊர்க் கைவினைஞரோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு இந்தப் பயம் வேண்டாம்.

நான்காவது, ஆர்ச்சி பிரே. மொன்டானாவின் ஹெலினா நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் காளவாய். அதை நடத்திய ஆர்ச்சி பிரே 1951இல் கலைஞர்களுக்காக ஒதுக்கிய இடம் அது. செராமிக் கலைஞர்கள் பீட்டர் வோல்கஸும் ரூடி ஆட்டியோவும் அங்கே செங்கல் வேலையும் பானை வேலையும் சேர்த்துச் செய்துதான் வளர்ந்தார்கள். 1952இல் லீச், ஹமாடா, யனாகி மூவரும் அங்கே வந்து செயல்விளக்கம் கொடுத்தார்கள். குர்சரண் சிங் ஜப்பானில் பழகிய அதே மூவர். காங்ராவுக்கும் மொன்டானாவுக்கும் ஒரே ஊற்றிலிருந்து தண்ணீர் போயிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். குவிமாட வடிவில் இருக்கும் பழைய செங்கல் சூளைகள் இன்னும் நிற்கின்றன. முன்பு தங்கியவர்கள் விட்டுச் சென்ற சிற்பங்களும் உடைந்த பாண்டங்களும் வளாகமெங்கும் கிடக்கின்றன.

அங்கே கோடைகாலக் குறுகிய தங்கலும் உண்டு. ஆனால் அந்த இடத்தின் பலம் நீண்ட தங்கலில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் வரை போகும். அவ்வளவு நாள் இருக்கும்போது பேச்சு நடக்கும். ஒருவர் வேலையை மற்றவர் நாள்தோறும் பார்த்து விமர்சிப்பது, விற்பது, வகுப்பெடுப்பது, வருகிறவர்களுக்குக் காட்டுவது எல்லாம் சேர்ந்து ஒரு கலைஞரை உருட்டித் திரட்டும். மூன்று மாதம் மட்டும் இருப்பவருக்கு அது முழுசாகக் கிடைக்காது. போட்டியும் கடுமை, பெரும்பாலும் எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் பட்டம் முடித்தவர்கள் வருகிறார்கள். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே போகும் ஊர். ஈரமான உருப்படி உறைந்துபோனால் உள்ளே பனி ஊசிகள் உருவாகி, இளகியதும் அப்படியே உதிர்ந்துவிடும்.

வானிலை பற்றிச் சொல்லும்போது ஒன்று. நம் ஊரில் சித்திரை வைகாசிக் காற்றில் கிண்ணத்தின் விளிம்பு அரை மணியில் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும், அப்புறம் அடியில் எஸ் வடிவில் விரிசல். அதனால் ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுவது நமக்குக் கைப்பழக்கம். ஹெலினாவின் வறண்ட காற்றிலும் இதே பழக்கம் கைகொடுக்கும். ஷிகராகியில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் எதிர்ப்பிரச்சினை: மூடி வைத்தால் பத்து நாளானாலும் காயாது. வாய்த்த மூன்று மாதமும் அந்த மழையில் மாட்டினால் பெரிய வேலை எதையும் தொட வேண்டாம்.

சாப்பாடு. சைவர்களுக்கு ஜப்பான் கிராமம் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாமல் மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். கடை தூரம், சைக்கிள் வேண்டும். அரிசியும் பருப்பும் மிளகாய்ப்பொடியும் இருந்தால் பொதுச் சமையலறையில் சமாளிக்கலாம். ஒருநாள் எல்லோருக்கும் ரசம் வைத்துக் கொடுங்கள், அதற்கப்புறம் சூளையில் உங்களுக்கு நல்ல இடம் கிடைக்கும். ஜிங்டெஷென்னில் உணவு நல்ல காரம், நாக்கு தவிக்காது. கோடை மட்டும் நம் ஊரைப் போலவே புழுங்கும். ஹெலினாவில் கார் இல்லாதவர் யாரையாவது சார்ந்துதான் இருக்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது திரும்பி வரும் பெட்டியை. விமானத்தில் இருபத்து மூன்று கிலோ என்றால் நாலு பெரிய ஜாடிகூட வராது. கப்பலில் அனுப்பினால் செய்த செலவை மிஞ்சும். பல ரெசிடென்சிகள் ஓர் உருப்படியைத் தங்கள் தொகுப்புக்குக் கேட்கும், அதை மகிழ்ச்சியாகக் கொடுங்கள். மற்றதைப் படம் எடுத்து, கிளேஸ் கணக்கை எழுதி, சின்னச் சோதனைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வருவதுதான் நடைமுறை. பெரிய சிற்பத்தைக் கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால், துண்டு துண்டாகச் செய்து பொருத்தும்படி முதலிலேயே திட்டமிட வேண்டும்.

அமைதியாக வேலை செய்ய நேரம் மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இந்த நான்கில் எதுவும் தேவையில்லை. 1971இல் ரே மீக்கரும், ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து, சவுக்கு விறகில் ஸ்டோன்வேர் சுடும் பழக்கம் இந்தப் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. அங்கே பயின்றவர்களின் ஸ்டுடியோக்கள் சுற்றுவட்டாரத்தில் பரவிக் கிடக்கின்றன. அதில் ஏதாவதொன்றில் மேசையும் சூளையில் ஒரு தட்டும் வாடகைக்குக் கேட்டால், வெளிநாட்டுச் செலவில் கால் பங்கும் ஆகாது. வெளியே போவதென்றால் இங்கே கிடைக்காத மண்ணுக்காகவோ தீக்காகவோ ஆட்களுக்காகவோ போக வேண்டும்.

அப்படிப் பார்த்தால், கை நிலைத்த, ஆனால் பெரிய உருவம் செய்யத் தயங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூன்று மாதம் கிடைத்தால் நான் ஷிகராகி என்றுதான் சொல்வேன். அந்த மண் தைரியம் கொடுக்கும். கிளேஸில் ஆழமாக இறங்க நினைப்பவர், பலர் கை சேர வேண்டிய பெரிய யோசனை உள்ளவர், ஜிங்டெஷென். தொடக்கநிலையில் இருப்பவர் ஆண்ட்ரெட்டா. வேலையை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு வருடம் கலைக்கே கொடுக்க முடிகிறவர், தன் வேலையைப் பற்றிப் பேசவும் கேட்கவும் பயப்படாதவர், ஆர்ச்சி பிரேக்கு விண்ணப்பிக்கலாம். ஒருமுறை கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும்.

விண்ணப்பிக்கும் முன் எந்த இடமாக இருந்தாலும் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: நான் இருக்கும் மாதங்களில் விறகுச் சூளை எரியுமா, எந்தத் தேதியில், அதில் எனக்கு எவ்வளவு இடம்? சுடும் கட்டணம் தனியா, மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா? தங்குமிடம் வளாகத்துக்குள்ளா, வெளியே நானே தேட வேண்டுமா? உள்ளூர் மண் கிடைக்குமா, மூட்டை மண்தானா? தெளிவான பதில் வராத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஷிகராகி என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை கேளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், உறைபனி முழுசாகத் தொடங்கியிருக்காது. ஜிங்டெஷென்னுக்கும் அதே மாதங்கள் நல்லவை. ஆண்ட்ரெட்டாவுக்கு மழைக்கு முன், மார்ச் முதல் மே வரை.